கருவாட்டுக்கு யார் சாட்சி?

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு கருவாட்டுக்காரக் கிழவியிடம் நான் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேட்ட கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. "இது நல்ல கருவாடுதானா, ஆயா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் பட்டணத்துக் கடை ஒன்றில், பளபளக்கும் பையில் அடைத்து, துள்ளுகிற மீனின் படம் அச்சிட்டு விற்ற நெத்திலிக் கருவாட்டை வாங்கி வந்திருந்தேன். பையைப் பிரித்ததும் வீட்டில் உள்ளவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். சூடு கண்ட பூனையாக இருந்ததால்தான் அப்படிக் கேட்டுவிட்டேன்.

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் ஐயா, இருபத்தஞ்சு வருசமா இதே எடத்துல குந்தியிருக்கேன். கெட்டத வித்துட்டு நாளைக்கு நான் எங்க போய்க் குந்துவேன்? என் மூஞ்சியப் பாத்து வாங்கறதுன்னா வாங்குங்க. வாணாம்னா போங்க" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். கருவாடு நன்றாகவே இருந்தது. ஆனால் பஸ்ஸில் பொன்னேரிக்குத் திரும்பும்போது அவள் சொன்ன சொல் மனசை விட்டுப் போகவில்லை. உண்ணும் பொருளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. கிழவி தன் முகத்தையே சாட்சியாக வைத்தாள். பட்டணத்துப் பையோ துள்ளுகிற மீனின் படத்தை வைத்தது. இரண்டில் எது சத்தியம் சொன்னது என்பதை என் வீட்டு மூக்குகள் அறியும்.

பச்சை மீன் வாங்குகிறவருக்கு விற்கிறவளின் முகம் அத்தனை அவசியமில்லை. மீனுக்கே முகம் இருக்கிறது. செவுளைத் தூக்கினால் சிவப்பா, பழுப்பா என்று தெரிந்துவிடும். கண் புடைத்துப் பளபளக்கிறதா, குழி விழுந்து கலங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா, அமுங்கியே கிடக்கிறதா என்று சோதிக்கலாம். நம் வீட்டுப் பெண்மணிகள் இந்தக் குறுக்கு விசாரணையில் பெரிய வக்கீல்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

கருவாட்டில் இந்தச் சாட்சிகள் எல்லாம் கலைந்துபோகின்றன. கரையேறிய உடனே கீறி, குடலை எடுத்து, உப்பிட்டுக் காயவைத்த மீனும், விலைபோகாமல் இரண்டு நாள் கிடந்து, இனி வேறு வழியில்லை என்று உப்பில் போட்ட மீனும் காய்ந்தபிறகு ஏறக்குறைய ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். கானாங்கெளுத்தி, சூரை போன்ற சில மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. உண்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். இது காய்ந்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. ஆக, கருவாடு என்பது முகம் இழந்த மீன். அதற்காக வேறு யாராவது வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

கொத்துக்கறிக்கும் இதே கதைதான். முழுத் துண்டாகத் தொங்கும் இறைச்சியை வாங்குகிறவன் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கொத்தி அரைத்துவிட்டால், எந்த விலங்கு, எந்த உறுப்பு, எத்தனை நாளானது என்பதெல்லாம் அரைத்தவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். மாட்டுக் கொத்துக்கறியை அன்றாட ஆகாரமாகக் கொண்ட அமெரிக்கர்கள் இதைப் பல முறை பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1906-இல் அப்டன் சிங்க்ளேர் என்ற நாவலாசிரியர் சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி 'தி ஜங்கிள்' என்ற நாவலை வெளியிட்டார். தொழிலாளர் படும் துயரத்தைச் சொல்லத்தான் அவர் எழுதினார். படித்தவர்களோ தங்கள் வயிற்றை நினைத்துக் கலங்கினார்கள். அதே வருஷம் ஜூன் 30-ஆம் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், உணவு மருந்துத் தூய்மைச் சட்டமும் கையெழுத்தாயின. நாவல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு பெருமை அபூர்வமாகத்தான் கிடைக்கிறது!

அதோடு முடியவில்லை. 1993-இல் சரியாக வேகாத கொத்துக்கறியில் இருந்த ஒருவகை ஈ-கோலை கிருமியால் நூற்றுக்கணக்கானவர்கள் நோயுற்று, நாலு குழந்தைகள் இறந்தார்கள். முழுத் துண்டில் கிருமி மேற்புறத்தில் இருக்கும். அரைத்தால் உள்ளெல்லாம் பரவிவிடும். மறு வருஷமே அந்தக் கிருமி உள்ள கொத்துக்கறி கலப்பட உணவு என்று சர்க்கார் அறிவித்தது. 2012-இல் வேறொரு சண்டை. கொழுப்போடு ஒட்டிக் கிடக்கும் சதைத் துணுக்குகளை யந்திரத்தில் பிரித்தெடுத்து, கிருமி சாக அம்மோனியா வாயு காட்டி, கொத்துக்கறியில் கலந்துவந்தார்கள் என்பது ஜனங்களுக்குத் தெரியவந்தது. சட்டம் அதை அனுமதித்துத்தான் இருந்தது. விஷம் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் தாய்மார்கள் கொதித்தார்கள். "தின்னலாமா கூடாதா என்பது அப்புறம்; கலந்ததை ஏன் சொல்லவில்லை?" என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். உணவைப் பற்றிய கேள்விகளில் இரண்டு உண்டு: தீங்கு செய்யுமா என்பது ஒன்று, உண்மை சொன்னாயா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால், முதல் கேள்விக்கு வரும் பதிலையும் யாரும் நம்புவதில்லை.

சிகாகோ வரை போய்விட்டோம், பழவேற்காட்டுக்குத் திரும்புவோம்.

தூர தேசத்தாருக்குச் சரக்கு விற்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிக்கொண்டு, 1690-இல் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் இங்கிருந்தே கணக்கு எழுதினார்கள். கோட்டை இன்று புதரும் மேடும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்க, பத்திரமாக இருக்கிறது. அவர்கள் வாங்கியது முக்கியமாகத் துணி. கீழைத் தீவுகளில் அதைக் கொடுத்து வாசனைத் திரவியங்கள் வாங்கினார்கள். அந்த வியாபாரத்தில் மாதிரித் துண்டு என்று ஒன்று உண்டு. இப்படி நூல், இப்படிச் சாயம், இவ்வளவு அகலம் என்று மாதிரி பார்த்து ஒப்பந்தம் செய்வார்கள். வந்த துணியைக் கிடங்கில் விரித்துப் பார்த்து, மாதிரிக்குக் குறைந்ததைத் தள்ளுவார்கள். நெசவாளியின் முகத்தை ஜாவாக்காரன் பார்க்க முடியாதல்லவா? அதனால் மாதிரித் துண்டு சாட்சி சொன்னது.

மீனுக்கு அந்தச் சாட்சி தேவைப்படவில்லை. பிடித்தவனும் உண்டவனும் பக்கத்துப் பக்கத்துக் குப்பத்தில் இருந்தார்கள். ஏரியில் இறால் பிடிக்கப் 'பாடு' என்ற முறை இங்கே தலைமுறைகளாக உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்கள், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்று கரைக்கு வந்த இறால் யாருடைய வலையில் விழுந்தது என்பது ஊருக்கே தெரியும். ஊர் முழுவதும் சாட்சியாக இருக்கும்போது பொய் சொல்வது சிரமமான காரியம்.

இப்படி நன்றாக நடந்த காரியத்தில் மண் விழுந்தது எப்போது? நான் சொல்வது அலங்காரமல்ல. நிஜமாகவே மண் விழுந்தது. விழக் காரணம் உப்பு.

பழவேற்காடு ஏரி கடலும் ஆறும் கலக்கும் இடம். மழைக் காலத்தில் ஆரணியாறும் மற்ற ஆறுகளும் தண்ணீர் கொண்டுவர, உப்பு குறையும். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறி, ஓரங்களில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மீனவனின் காலடியிலேயே உப்பு. ஆனால் அதைக் குனிந்து அள்ளினால் குற்றம்! 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பின்மேல் ராஜாங்கங்களுக்கு இருக்கும் ஆசை பழையதுதான். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே, உப்பில் கலப்படம் செய்தவனுக்கும், அனுமதியில்லாமல் உப்புக் காய்ச்சியவனுக்கும் ஒரே தரத்து அபராதம் விதிக்கிறது. ஆனால் கம்பெனியும் பின்னால் வந்த சர்க்காரும் விதித்த வரி, ஏழையின் அடுப்பங்கரை வரை வந்து வசூலித்த வரி. 1878-இல் சென்னை ராஜதானியில் வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆயிற்று. இந்த மணங்கு சுமார் 37 கிலோ. அந்த உப்பை விளைவிக்க ஆன செலவோ சில அணாக்கள்தான்.

சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பங்கு மீனை ஒழுங்காகக் கருவாடாக்க ஒரு பங்கு உப்பாவது வேண்டும். ஒரு மணங்கு மீனுக்குக் கால் மணங்கு உப்பு. அதற்கு வரி மட்டும் பத்தணா. நெத்திலி, காரப்பொடி மாதிரி மலிவான மீனை, வலை நிறைய விழுந்த நாளில் விற்றால் அந்தப் பத்தணா தேறுமா என்பதே சந்தேகம். அப்புறம் மீனவன் என்ன செய்வான்? சிலர் உப்பே இல்லாமல் மணலில் உலர்த்தினார்கள். சிலர் கொஞ்சம் உப்போடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் இருட்டில் போய் உவர்மண்ணைச் சுரண்டி வந்து மீனில் அப்பினார்கள். உவர்மண்ணில் உப்போடு சேறும் கசப்பும் கிருமியும் இருந்தன. மீன் காய்வதற்குப் பதில் நொந்துபோயிற்று. உப்பின் வேலை மீனிலிருந்து தண்ணீரை இழுத்து, கிருமிக்கு வாழ இடமில்லாமல் செய்வது. பாதி உப்பு பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதியில் புழு வேலை செய்யும்.

வரியை விதித்தவன் கலப்படம் செய்யவில்லை. கலப்படம் செய்தவன் மீனவன்தான். உவர்மண் அள்ளியதற்காகப் பிடிபட்டவனும் அவன்தான். 1889-இல் சென்னை உப்புச் சட்டம் வந்து பிடியை இன்னும் இறுக்கியது. ஆனால் நல்ல உப்பு அவன் கைக்கு எட்டாமல் செய்தது யார் என்பதை எந்தக் கோர்ட்டிலும் யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டில் கேட்காததை ஒரு டாக்டர் கேட்டார். பிரான்சிஸ் டே என்று பெயர். 1639-இல் சென்னப்பட்டினத்துக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டே அல்ல. அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர். சென்னைப் பட்டாள வைத்தியர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மீன்களைப் பார்த்தார். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை இன்றும் விஞ்ஞானிகள் புரட்டுகிறார்கள். 1873-இல் இந்தியா, பர்மா கடல்மீன் தொழிலைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கையில், உப்பு வரி மீனவனையும் மீனையும் சேர்த்துக் கெடுக்கிறது, மீன் பதனிடுகிறவர்களுக்கு மலிவாக உப்புக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார்.

அடுத்த சில வருஷங்களில் சர்க்கார் ஒரு வழி கண்டுபிடித்தது. வரியை எடுக்கவும் மனமில்லை, மீன் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஆகவே கடற்கரைகளில் வேலி போட்டு மீன் உப்பிடும் களங்களை அமைத்தது. மேற்குக் கரையில் தொடங்கி, பிறகு ராஜதானியின் இரு கரைகளிலும் நூற்றுக்கு மேல் களங்கள் ஏற்பட்டன. மீனவன் மீனைக் களத்துக்குள் கொண்டுவர வேண்டும். மீனை நிறுத்து, அதற்குத் தக்கபடி வரியில்லாத உப்பைக் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே கொடுப்பார்கள். அங்கேயே உப்பிட வேண்டும். கருவாடாகத்தான் வெளியே எடுத்துச் செல்லலாம். ஒரு பிடி உப்பைத் தனியாக எடுத்துச் செல்லக் கூடாது.

நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். முதல் தடவையாகச் சர்க்கார் கருவாட்டுக்குச் சாட்சியாக நின்றது. ஆனால் அந்தச் சாட்சியின் கண் எதன்மேல் இருந்தது என்று பார்க்க வேண்டும். களத்தை நடத்தியது உப்பு இலாகா. வாசலில் நின்ற சேவகன் மீன் கெட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. உப்பு கடத்தப்படுகிறதா என்று பார்த்தான். தராசு உப்புக்குத்தான், மூக்கு யாருக்கும் இல்லை. நடுப்பகல் வெயிலில் நெடுந்தூரம் சுமந்து, களத்தை அடைவதற்குள் கெட்டுப்போன மீனுக்கும் அளவாக உப்பு கிடைத்தது. முத்திரை ஒன்றைக் காக்க, சாட்சி வேறொன்றுக்குச் சொல்லப்பட்டது. இந்த விசித்திரம் இன்றைக்கும் பல முத்திரைகளில் உண்டு.

இதற்கிடையில் லண்டனிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். ஜோனதன் ஹட்சின்ஸன் என்ற பிரசித்தமான வைத்தியர். குஷ்டரோகம் வருவதற்குக் காரணம் கெட்டுப்போன மீன், அதிலும் சரியாக உப்பிடாத மீன் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. 1902-03 குளிர்காலத்தில் இந்தியாவெங்கும் சுற்றிப் பார்த்தார். 1906-இல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். டே அறிக்கை கொடுத்த அதே 1873-இல் நார்வேயில் ஹான்ஸன் என்பவர் குஷ்டரோகக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஹட்சின்ஸன் சொன்னது தவறு. மீனுக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? உப்பு வரியைக் குறையுங்கள், ஏழை நல்ல உப்பில் மீனைப் பதனிடட்டும் என்பது! நோயைத் தவறாகக் கணித்து மருந்தைச் சரியாகச் சொன்ன வைத்தியர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். 1903, 1905, 1907 ஆகிய வருஷங்களில் வரி படிப்படியாகக் குறைந்து மணங்குக்கு ஒரு ரூபாய் ஆயிற்று. அதற்குக் காரணம் அவர் பேச்சல்ல. கோகலே முதலிய தலைவர்களின் வற்புறுத்தலும், கஜானாவில் இருந்த மிச்சமும்தான். ஆனால் தவறான கருத்துக்கும் ஒரு விலை உண்டு. உப்பின் விலையைப் பற்றிய வழக்கில், கூடையைத் தலையில் சுமந்து விற்ற பெண்ணின் பண்டத்தின்மேல் குஷ்டரோகப் பழி விழுந்ததே, அதுதான் விலை.

1905-இல் சென்னை சர்க்கார் சர் பிரெடரிக் நிக்கல்ஸனை மீன்தொழிலை ஆராயும்படி கேட்டுக்கொண்டது. கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி முன்பே பெரிய அறிக்கை எழுதியவர் அவர். 1907-இல் மீன்துறை ஏற்பட்டது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் சோதனை நிலையம் வைத்து, மீனைச் சுத்தமாக உப்பிடவும் உலர்த்தவும் முயன்று பார்த்தார்கள். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பிரான்ஸில் அர்க்கஷோன் என்ற இடத்தில் ஆளிச் சிப்பி வளர்க்கும் முறையைப் பார்த்துவந்து, 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் பழவேற்காட்டு ஏரி அதற்குத் தோதானது என்று எழுதினார். நம்மூரில் சிப்பி என்றால் சுண்ணாம்புதான் ஞாபகம் வரும். துரைமார்களுக்கோ அதைப் பச்சையாக உண்பது பெரிய விருந்து. அந்த விருந்திலும் ஓர் அச்சம் இருந்தது. 1902 நவம்பரில் இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகர மேயர் கொடுத்த விருந்தில் ஆளிச் சிப்பி உண்டவர்கள் பலர் டைபாய்டில் விழுந்தார்கள். பேராலயத்தின் தலைமைக் குருவே இறந்துபோனார். சாக்கடை கலந்த தண்ணீரில் வளர்ந்த சிப்பிகள் அவை. ஆளி தான் இருக்கும் தண்ணீரையே வடிகட்டி உண்ணும் பிராணி. தண்ணீர் எப்படியோ அப்படித்தான் ஆளி. விற்கிறவன் எத்தனை யோக்கியனானாலும் தண்ணீர் பொய் சொன்னால் அவன் என்ன செய்வான்? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது இதே கேள்விதான் மீனவர்கள்முன் நின்றது.

உப்பின் கதை முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். மாதக் கடைசியில் அங்கே உப்பு அள்ளிச் சிறை சென்றார். பள்ளிப் பாடத்தில் இதைச் சுதந்திரத்தின் கதையாகப் படித்தோம். அது கருவாட்டின் கதையும்கூட என்று யாரும் சொல்லித் தரவில்லை. மறு வருஷம் காந்திஜிக்கும் இர்வின் பிரபுவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், உப்பு விளையும் இடங்களில் உள்ள கிராமத்தார் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. 1947 ஏப்ரலில் உப்பு வரியே தொலைந்தது.

வரி போன பிறகு கருவாடு தானாக நல்லதாகிவிட்டதா? அப்படிச் சொல்ல ஆசைதான், சொல்ல முடியவில்லை. சட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. சென்னையில் 1918-லேயே உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 1954-இல் ஒன்று வந்தது. 2006-இல் அதை மாற்றி உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் வந்தது. இன்றைக்குப் பையில் அடைத்து விற்கும் எந்தப் பண்டத்திலும் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு எடை, என்றைக்கு அடைத்தது, யார் அடைத்தது, உரிமத்தின் பதினாலு இலக்க எண் என்ன என்றெல்லாம் அச்சிட வேண்டும். என் நெத்திலிப் பையிலும் இதெல்லாம் இருந்தது. அடைத்த தேதி இருந்தது. ஆனால் மீன் செத்த தேதி இல்லை. பையின் வயசை அறிந்துகொண்டேன். மீனின் வயசைக் கடைசியில் மூக்குத்தான் சொல்லிற்று.

இங்கே இன்னொரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நம் கரைகளிலிருந்து இறால் வெளிநாடுகளுக்குப் போகிறது. 1997 ஆகஸ்டில், நம் பதனிடும் கூடங்களில் சுத்தம் போதாது என்று ஐரோப்பியக் கூட்டமைப்பு இந்தியக் கடல் உணவை அடியோடு தடுத்துவிட்டது. ஏற்றுமதிக்காரர்கள் பதறினார்கள். கூடங்களுக்கு ஓடு போட்டார்கள், வலைக் கதவு போட்டார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், ஐஸைச் சோதித்தார்கள். அந்த வருஷ முடிவிலேயே, தேறிய கூடங்களுக்கு வழி திறந்தது. ஆக, நம்மால் முடியாத காரியமல்ல. கேட்கிறவன் கேட்டால் நாலு மாதத்தில் முடிகிற காரியம். அயலூரான் உண்ணும் இறாலுக்குப் பெட்டிக்குப் பெட்டி சீட்டு உண்டு. அதே கரையில் காய்ந்து நம் குழம்புக்கு வரும் சென்னாக்குனிக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஏரி ஒன்று, கரை ஒன்று, வாய் மட்டும் வேறு!

2018-இல் சென்னையில் ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கலாம். பிணம் கெடாமல் வைக்கிற பார்மலினை மீனில் தடவுகிறார்கள் என்ற செய்தி. கேரளத்தில் எல்லைச் சாவடிகளில் வண்டி வண்டியாக மீனைத் திருப்பி அனுப்பினார்கள். சென்னையிலும் மார்க்கெட் மீனை எடுத்துச் சோதித்தார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்தொழில்நுட்ப நிலையம், மீனில் பார்மலினும் அம்மோனியாவும் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் காகிதத் துண்டுகளைத் தயாரித்தது. கொஞ்ச நாள் ஜனங்கள் மீன் பக்கமே போகவில்லை. தவறு செய்தவன் யாரோ. விற்காத கூடையைத் தலையில் சுமந்து வீடு திரும்பியது குப்பத்துப் பெண்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி பழவேற்காட்டுக்குப் போனேன். அதே கிழவி, அதே இடம், அதே கோணி. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வயித்துக்கு ஒண்ணும் பண்ணலியே?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் ஏதோ பெரிய ஆராய்ச்சிக்காரன்போல உப்பு வரிக் கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உப்பு இப்ப மலிவுதான், ஐயா. ஐஸுதான் வெல. போட்டு வந்து சேர்றதுக்குள்ள பாதி மீனு சொணங்கிப்போவுது. நாலு பொட்டி ஐஸு வாங்குனா மீனு நிக்கும், காசு நிக்காது. காய வெக்கிறதுக்கு ஒரு பரண் கட்டித்தான்னு எத்தினி வருசமா கேக்கறோம். மணல்ல போட்டா மண்ணு ஒட்டுதுன்னு நீங்கதான் சொல்றீங்க. எங்களுக்கு மட்டும் மண்ணு மேல ஆசையா?"

எனக்குச் சுருக்கென்றது. நூற்றைம்பது வருஷத்துக் கதை ஒரு கோணிக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு உப்பு எட்டவில்லை, உவர்மண் வந்தது. இன்றைக்கு ஐஸ் எட்டவில்லை. எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவன் பார்மலின் புட்டியைத் திறக்கிறான். அதைத் திறக்கிறவன் குற்றவாளிதான். அவனைச் சட்டம் விடக் கூடாது. பூச்சி வராமலிருக்கக் கருவாட்டின்மேல் பூச்சிமருந்து தூவுகிற மொத்த வியாபாரியையும் விடக் கூடாது. ஆனால் நல்ல பொருளைச் செய்வதற்கு வேண்டியதை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, நேர்மையை மட்டும் கீழே உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்பது என்ன நியாயம்? ஒரு பரணும், ஓர் ஐஸ் கிடங்கும், நல்ல தண்ணீர்க் குழாயும் இல்லாத கரையில், சீட்டு மட்டும் ஒட்டினால், அது பழைய உப்பிலாகாச் சேவகனின் முத்திரையாகத்தான் இருக்கும்.

சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். கிழவியின் முகம் பழவேற்காட்டுக் கடைத்தெருவோடு சரி. சென்னைக்கு வந்து என் வீட்டு அலமாரியில் உட்காராது. தூரம் கூடக்கூட முகத்துக்குப் பதில் எழுத்து வந்தே தீர வேண்டும். ஆனால் அந்த எழுத்து, அவள் முகம் சொல்வதைச் சொல்ல வேண்டும். இது இன்ன மீன், இன்ன கரையில், இன்ன தேதியில் பிடித்தது, பிடித்த எத்தனை மணிக்குள் உப்பிட்டது, தரையில் காய்ந்ததா பரணில் காய்ந்ததா, உப்பைத் தவிர வேறு என்ன போட்டது என்று சொல்லட்டும். துள்ளுகிற மீனின் படம் வேண்டாம். கருவாட்டில் துள்ளுவதற்கு என்ன இருக்கிறது?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். சோறு போட்டவரை நினைப்பது பற்றிய பழமொழி அது. நம் தட்டில் இருக்கும் கருவாட்டுக்கு உப்பிட்ட கையையும் சேர்த்து நினைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் கிலோ வாளைக் கருவாடு வாங்கினேன். கிழவி நிறுத்துப் போட்டுவிட்டு, மேலே ஒரு பிடி சென்னாக்குனியும் போட்டாள். "இத நான் காய வெக்கல, எதிர் வூட்டுக்காரி காய வெச்சது. நல்லா இருக்கும்னு சொன்னா. நான் தின்னு பாக்கல" என்று சொல்லித்தான் போட்டாள்.

நான் இதுவரை படித்த சீட்டுகளிலெல்லாம் உண்மையான சீட்டு அதுதான்.